"கதையோட நீதி என்ன?"ன்னு கேக்காதீங்க. "எது புடிச்சுது?"ன்னு கேளுங்க

1/
ஓபிக்கு வர்ற பிள்ளைங்ககிட்ட முன்னெல்லாம் நான் கேக்கற முதல் கேள்வி, "எந்த ஸ்கூல், எத்தனாவது?" அடுத்தது, "நல்லாப் படிப்பியா?" கேட்டதும் பாதிப் பேரு அம்மா முந்தானைக்குப் பின்னாடி போயிருவாங்க. ரெண்டு வருசமா கேள்விய மாத்திட்டேன். "உனக்கு ரொம்பப் புடிச்ச புக்கு எது?" அதுல நான் கத்துக்கிட்டதைச் சொல்றதுக்குத்தான் இந்த நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன். நான் எம்பிபிஎஸ் மட்டும் முடிச்ச அரசு மருத்துவர். குழந்தை நல நிபுணரும் இல்லை, கல்வியாளரும் இல்லை. கீழே வர்ற பிள்ளைங்களோட வயசு, ஊரு மாதிரி விவரங்களை அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன். அவங்க சொன்ன காரணங்களை மட்டும் மாத்தலை.

3/
ஒரு பையன். பத்து வயசு. டைப் 1 சர்க்கரை நோய். இது பெரியவங்களுக்கு வர்ற சர்க்கரை மாதிரி இல்லை. கணையத்துல இன்சுலின் சுரக்கறதே நின்னுபோயிடும். மிட்டாய் தின்னதால வர்றதும் இல்லை, பெத்தவங்க தப்பும் இல்லை. மாத்திரை வேலைக்காகாது. தினமும் பல தடவை ஊசி. வாழ்நாள் முழுக்க.

4/
இவன் காலையில, ராத்திரியில வீட்ல ஊசி போட்டுக்குவான். மத்தியானம் ஸ்கூல்ல போட வேண்டியதைப் போட மாட்டான். பசங்க பாத்துருவாங்கன்னு கூச்சம். "போட்டுட்டேன்"னு அம்மாகிட்ட பொய். ஒருநாள் வாந்தி, மூச்சு வாங்கல், அரை மயக்கத்துல தூக்கிட்டு வந்தாங்க. ரத்தத்துல அமிலம் ஏறியிருந்துச்சு. முதலுதவி செஞ்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பொழச்சு வந்தான்.

5/
அதுக்கப்புறம் நான் பண்ணாத அறிவுரை இல்லை. படம் வரைஞ்சு காட்டினேன். பயமுறுத்தினேன். கெஞ்சினேன். "சரிங்க டாக்டர்"னு தலையாட்டுவான். அடுத்த தடவை நோட்டைப் பாத்தா மத்தியானச் சர்க்கரை எகிறிக் கெடக்கும். பத்து வயசுப் பையன் தலையாட்டறதுக்கு என்ன அர்த்தம்னு பெத்தவங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

6/
ஒருநாள் வரிசையில உக்காந்து எதையோ மும்முரமா படிச்சிட்டிருந்தான். அம்மா உள்ள வந்ததும் அதைத்தான் முதல்ல சொன்னாங்க. "பாருங்க டாக்டர், பாடத்தைப் படிக்கறதில்ல. எங்கப்பாவோட பழைய பொட்டியில இருந்து இந்தப் பொம்மப் புக்கை எடுத்துட்டு எந்நேரமும் இதேதான். நீங்களாச்சும் ரெண்டு போடு போடுங்க."

7/
வாங்கிப் பாத்தா, இரும்புக்கை மாயாவி! 1972 ஜனவரியில சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழா வந்த அதே ஆளு. அட்டை இல்லை, ஓரமெல்லாம் செல்லரிச்சிருந்துச்சு. நானும் சின்ன வயசுல ஆளுக்கு ஒரு நாள்னு முறை வெச்சுப் படிச்சவன். "ஏன்டா, இவரை உனக்கும் தெரியுமா? இவருகிட்ட உனக்கு என்ன புடிக்கும்?"ன்னு கேட்டேன். மறைஞ்சு போறது, சண்டை, இப்படி எதாவது சொல்வான்னு நெனச்சேன்.

8/
அவன் சொன்னது: "அவரு சும்மா மறைய மாட்டாருங்க டாக்டர். ஒவ்வொரு தடவையும் கரண்டு ஷாக் வாங்கோணும். அது தீந்துபோனா மறுபடியும் வாங்கோணும். வலிக்கும்ல? ஆனாலும் வாங்கிட்டுத்தான் வேலைக்குப் போவாரு."

கொஞ்ச நேரம் நான் ஒண்ணும் பேசலை. அவங்கம்மாவும் பேசலை.

9/
கதை தெரியாதவங்களுக்கு: மாயாவிக்கு ஒரு கை இரும்புல. மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். மின்சாரத்தோட வேகம் அடங்கினா மறுபடி உருவம் வந்துடும். நான் அந்தக் கதைகளை எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். ஷாக் வலிக்குமேன்னு ஒரு தடவைகூட எனக்குத் தோணினதில்லை. ஊசி குத்திக்கிற பையனுக்குத் தோணியிருக்கு.

10/
"பாத்தியா, நீயும் அவரு மாதிரிதான்"னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. சொல்லியிருந்தா அது என் அறிவுரை ஆயிருக்கும். அவன் கண்டுபிடிச்சது அவன்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். "நெஜத்துல கரண்டுல கை வெச்சிராதடா சாமி"ன்னு மட்டும் சொன்னேன். சிரிச்சான். எங்கிட்ட அவன் சிரிச்சது அதுதான் முதல் தடவை.

11/
அன்னிக்குத்தான் அவனா கேட்டான்: "டாக்டர், மத்தியானம் கிளாஸ்ல போடாம ஹெட்மாஸ்டர் ரூம்ல போட்டுக்கலாமுங்களா?" அவ்ளோதான் சிக்கல். ஒரு ரூம், ஒரு கதவு. நான் நோயைப் பத்திப் பேசிட்டே இருந்தேன். அவன் பிரச்சனை நோய் இல்லை, பாக்கற கண்ணுங்க. ஸ்கூலுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே ஏற்பாடு ஆச்சு.

12/
இதைச் சினிமா மாதிரி முடிக்க மாட்டேன். கதை சர்க்கரையைக் குறைக்காது, இன்சுலின்தான் குறைக்கும். அவன் இன்னும் சில நாள் ஊசியை மறக்கறான். ஆனா மறந்தா "மறந்துட்டேன்"னு சொல்றான், பொய் சொல்றதில்லை. மருத்துவத்துல அது சின்ன மாற்றம் இல்லை.

13/
நான் சொல்ல வர்றது இதுதான். பிள்ளைங்க தங்களுக்குப் பிடிச்ச புத்தகத்தைப் பத்திப் பேசும்போது, வேற எப்படியும் நம்மகிட்ட சொல்ல முடியாத ஒண்ணைச் சொல்றாங்க. நாம அதைக் கேக்கறதுக்குப் பதிலா பரீட்சை வெக்கறோம். பரீட்சை வெச்சா விடை வரும். பேச்சு வராது.

14/
இன்னும் சில காரணங்கள், என் மேஜைக்கு எதிர்ல கேட்டது.

ரெண்டாவது படிக்கற பாப்பா. வீட்ல யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. பிடிச்ச புத்தகம், பள்ளியில கொடுத்த சின்ன கதைப் புத்தகம். எதனால புடிச்சுது? "நானே படிச்சு முடிச்சுட்டேன்."

15/
இதைவிடப் பெரிய காரணம் இருக்கா? நம்ம பள்ளிக்கல்வித் துறை 2023ல தொடங்கின வாசிப்பு இயக்கத்துப் புத்தகங்க அப்படிப்பட்டவைதான். மெல்லிசா, படத்தோட, 'நுழை, நட, ஓடு, பற'ன்னு நாலு படிநிலை. வகுப்பைப் பாத்து இல்லை, பிள்ளையோட வாசிப்பு எங்க நிக்குதோ அங்கிருந்து. முதல் தடவையா ஒரு புத்தகத்தோட கடைசிப் பக்கத்துக்கு வர்ற பிள்ளையோட முகத்தைப் பாத்திருக்கீங்களா?

16/
இன்னொரு பொண்ணு. ஏழு வயசு, காய்ச்சல். பெத்தவங்க ஒடிசாவுல இருந்து வந்து ஸ்பின்னிங் மில்லுல வேலை, குவார்ட்டர்ஸ்ல குடியிருப்பு. பாப்பா தமிழ் அருமையா பேசுது, அம்மாவுக்கு அதுதான் மொழிபெயர்ப்பாளர். அவளுக்குப் பிடிச்சது வார்த்தையே இல்லாத ஒரு படப் புத்தகம். "இதுல எழுத்தே இல்ல. அதனால அம்மாவும் என்கூட படிப்பாங்க."

17/
கோவை, திருப்பூர்ல இந்த மாதிரிப் பிள்ளைங்க ஏராளம். அவங்க வகுப்புல இருக்கற டீச்சர்களுக்கு ஒரு தகவல்: பிரதம் புக்ஸ் நடத்துற ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ், ஒடியா, இந்தி, வங்காளம்னு பல மொழியில சிறுவர் கதைங்க இலவசமா கெடைக்குது. ஒரே கதையை அம்மா மொழியிலயும் தமிழ்லயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கலாம். அந்தப் பாப்பா அம்மாவோட போன்ல இப்ப அதைத்தான் பண்ணுது.

18/
எட்டாவது படிக்கற பொண்ணு, தலைவலின்னு வந்தா. பிடிச்சது 'டோட்டோ-சான்'. ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி 1981ல எழுதின தன்னோட பள்ளி வாழ்க்கை. பழைய ரயில் பெட்டிகள்ல நடந்த பள்ளிக்கூடம். தமிழ்ல நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கு. ரயில் பெட்டிதான் பிடிச்சிருக்கும்னு நெனச்சேன். அவ சொன்னது: "முதல் நாள் அந்த ஹெட்மாஸ்டர் அவ பேசி முடிக்கற வரைக்கும் நாலு மணி நேரம் கேட்டுட்டே இருந்தாரு."

19/
வெளிய நூத்துக்கும் மேல ஆளுங்க நிக்கறாங்க. ஒருத்தருக்கு ரெண்டு நிமிசம்தான். என்னால நாலு மணி நேரம் கேக்க முடியாது. ஆனா அன்னிக்கு ரெண்டை அஞ்சாக்கினேன். தலைவலிக்குக் காரணம் தூக்கமில்லாதது. தூக்கமில்லாததுக்குக் காரணம் வீட்ல தினமும் நடக்கற சண்டை. ஸ்கேன் எழுதற கையோட நிறுத்திட்டேன்.

20/
இப்ப நம்ம பக்கம் வருவோம். ஒரு பள்ளியில 'எனக்குப் பிடித்த புத்தகம்' பேச்சுப் போட்டி. என்னை விருந்தினரா கூப்பிட்டாங்க. பேசின எல்லாப் பிள்ளைங்களும் ஒரே மாதிரி தொடங்கினாங்க, ஒரே மாதிரி முடிச்சாங்க: "இந்நூலின் வாயிலாக நான் கற்றுக்கொண்ட நற்பண்புகள்..." கைதட்டினேன். பரிசும் கொடுத்தேன்.

21/
இறங்கி வரும்போது முதல் பரிசு வாங்கின பாப்பாகிட்ட மெதுவா கேட்டேன். "நெசமாவே அந்தப் புக்குத்தான் உனக்குப் புடிக்குமா அம்மிணி?" சுத்திமுத்தி பாத்துட்டு, "இல்லீங்க சார், அதை நான் படிச்சதே இல்ல. மிஸ் எழுதிக் கொடுத்தாங்க." அப்ப எது புடிக்கும்? "பேய்க் கதை." எதுக்கு? "பயந்துட்டே படிச்சுட்டு அமுச்சி பக்கத்துல ஒட்டிப் படுத்துக்குவேன்." அன்னிக்கு நான் கேட்ட ஒரே உண்மையான பேச்சு அதுதான். அதுக்கு மேடையும் இல்லை, பரிசும் இல்லை.

22/
அந்த டீச்சரைக் குத்தம் சொல்ல வரலை. நாம எல்லாருமே இதைத்தான் பண்றோம். கதை முடிஞ்ச உடனே "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" மருத்துவத்துல இதுக்கு ஒரு பேரு உண்டு. விடையைக் கேள்விக்குள்ளயே வெச்சுக் கேக்கறது. "வலி ராத்திரியிலதானே அதிகம்?"னு கேட்டா நோயாளி "ஆமாங்க"ன்னுதான் சொல்வாரு. நோயும் பிடிபடாது. அதனால எங்களுக்கு முதல் பாடமே "என்ன பண்ணுது, சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு வாயை மூடறது.

23/
இங்கிலாந்துல எய்டன் சேம்பர்ஸ்னு சிறுவர் எழுத்தாளர், ஆசிரியரா இருந்தவர். பிள்ளைங்க புத்தகத்தைப் பத்திப் பேசறதுக்குன்னே ஒரு முறையை உருவாக்கினார். அவர் ஆசிரியர்களுக்குச் சொன்ன முக்கியமான விஷயம், "ஏன்?"னு கேக்காதீங்க, அது மிரட்டற மாதிரி இருக்கு, "சொல்லு"ன்னு கேளுங்க. எது பிடிச்சுது, எது பிடிக்கலை, எது குழப்பமா இருந்துச்சு. அவ்வளவுதான். எங்க ஓபி பாடமும் அவர் வகுப்புப் பாடமும் ஒண்ணா இருக்கறதைப் பாத்து எனக்கே ஆச்சரியம்.

24/
"டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேப்பீங்க. 1989ல பாஸ்டன் நகர அரசு மருத்துவமனையில குழந்தை மருத்துவர்கள் சிலர் பரிசோதனைக்கு வர்ற ஏழைக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுத்து, சேந்து படிங்கன்னு பெத்தவங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அது அமெரிக்கா முழுக்க நடக்குது. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது: 2 வயசு முடியற வரைக்கும் போன், டிவி வேண்டாம், 2 முதல் 4 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது, உக்கார்ற நேரத்துல பெரியவங்க கதை சொல்லணும், படிச்சுக் காட்டணும். அதனால இது மருத்துவ வேலையும்தான்.

25/
நம்ம ஊருக்கும் இதுல பெருமை உண்டு. 1948ல சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்தப்ப கல்வி அமைச்சரா இருந்தவர் நம்ம தி.சு. அவினாசிலிங்கம். சொத்து வரியோட நூலக வரின்னு கட்டறோமே, அது அந்தச் சட்டத்துல வந்ததுதான். அதாவது கிளை நூலகத்துல இருக்கற புத்தகம் ஏற்கெனவே உங்க காசு.

26/
ஈரோடு பக்கம் மஞ்சக்காட்டுவலசுல பிறந்த பெ. தூரன், பெரியவங்களுக்கான தமிழ்க் கலைக்களஞ்சியத்தை முடிச்ச கையோட நிக்கலை. 1968ல இருந்து 1976 வரைக்கும் உழைச்சு பத்துத் தொகுதியில குழந்தைகள் கலைக்களஞ்சியம் கொண்டு வந்தார். எங்க ஊரு நூலகத்துல அதைப் படம் பாக்கறதுக்குன்னே எடுப்பேன். ஒருநாளும் யாரும் "என்ன கத்துக்கிட்ட?"ன்னு கேக்கலை. கேட்டிருந்தா மூடி வெச்சிருப்பேன். இப்ப தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தளத்துல அதை இலவசமா பாக்கலாம்.

27/
வழக்கமா வர்ற மறுப்பு: "நீதி வேண்டாமா? நம்ம மரபே ஆத்திசூடிதானே?" வேணும். ஆனா நீதி கதைக்குள்ளயே இருக்கு, பிள்ளை அதைத் தன் வேகத்துல எடுத்துக்கும். மாயாவி கதையில நீதின்னு கேட்டிருந்தா அந்தப் பையன் "தீமை தோற்கும், நன்மை வெல்லும்"னு சொல்லியிருப்பான். ஷாக் வலிக்கும்ங்கறதை எங்கிட்ட சொல்லியே இருக்க மாட்டான்.

28/
இன்னொரு மறுப்பு: "காமிக்ஸ், பேய்க் கதையெல்லாம் புத்தகமா?" ஆமாங்க. பிள்ளை தானா எடுத்துப் படிக்கறது எல்லாமே புத்தகம்தான். பழக்கம் வந்தா ருசி மாறும். இட்லி வேண்டாம், பூரிதான் வேணும்னு அடம்பிடிக்கற பிள்ளையைப் பட்டினியா போடறோம்?

29/
மருத்துவரா ரெண்டு எச்சரிக்கை. முதலாவது: "எனக்கு எந்தப் புக்கும் புடிக்காது"ன்னு பிள்ளை சொன்னா, சோம்பேறின்னு சொல்றதுக்கு முன்னாடி கண்ணைப் பரிசோதிங்க. மூக்குக்கிட்ட வெச்சுப் படிக்குதா, கண்ணைச் சுருக்குதா, சாயங்காலம் தலைவலியா? ஒரு கண்ணாடி போதும். பேச்சுல கெட்டி, ஆனா எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் திணறுதா? அது கற்றல் குறைபாடா இருக்கலாம். அறிவுக் குறைபாடு இல்லை. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல காட்டுங்க. அதுவரைக்கும் நீங்க படிச்சுக் காட்டுங்க. காதால கேக்கறதும் வாசிப்புதான்.

30/
ரெண்டாவது, இதை ரெண்டு தடவை படிங்க. யெஸ். பாலபாரதி எழுதின 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ல பால சாகித்திய புரஸ்கார் வாங்கினது. தப்பான தொடுதலைப் பத்திக் குழந்தைங்ககிட்ட பக்குவமா பேசற புத்தகம். அந்த மாதிரி ஒரு கதையைப் படிச்சுட்டு உங்க பிள்ளை "எனக்கும் இப்படி..."ன்னு ஒரு வாக்கியத்தைத் தொடங்கினா, கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு கேளுங்க. "அதெல்லாம் கதை, போய்ப் படி"ன்னு சொல்லிடாதீங்க. உதவிக்கு 1098. எந்த அரசு மருத்துவமனைக்கும் வரலாம்.

31/
செய்ய வேண்டியது சுலபம். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். கொடிசியாவுல நடக்கற கோவை புத்தகத் திருவிழாவுக்கும் ஆகஸ்ட் மாச ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கும் கூட்டிட்டுப் போயி, நூறு ரூபாயைக் கையில கொடுத்துட்டு பத்தடி தள்ளி நில்லுங்க. பாதியில புடிக்கலைன்னா விடட்டும். பத்து தடவை ஒரே புத்தகத்தைப் படிச்சாலும் விடுங்க.

32/
டீச்சர்களுக்கு: வாரம் ஒரு அரை மணி நேரம், வட்டமா உக்கார வெச்சு "புடிச்சதைச் சொல்லு"ன்னு விடுங்க. மார்க் வேண்டாம், பரிசு வேண்டாம், திருத்த வேண்டாம். நாம நூறு தடவை சொல்லி எடுக்காத புத்தகத்தை, பக்கத்து பெஞ்சுப் பையன் "டேய், செமையா இருக்குடா"ன்னு ஒரு தடவை சொன்னா பிள்ளை எடுத்துரும். என் அனுபவத்துல இதைவிட நல்லா வேலை செய்யற சிபாரிசு இல்லை.

33/
அந்தப் பையன் போன வாரம் வந்திருந்தான். பை கனமா இருந்துச்சு. வார்டுல காய்ச்சலோட படுத்திருந்த ஒரு சின்னப் பையனுக்குக் கொடுக்கறதுக்குன்னு ரெண்டு காமிக்ஸ் கொண்டு வந்திருக்கான். கட்டில் ஓரமா உக்காந்து கதை சொல்லிட்டிருந்தான். மத்தியானம் ஆனதும் பேச்சை நிறுத்தி, "இரு, ஷாக் வாங்கிட்டு வர்றேன்"னு சொல்லிட்டு நர்ஸ் ரூமுக்குப் போனான்.

34/
இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுப் பிள்ளைகிட்ட கேளுங்க. எந்தப் புக்கு, அதுல எது புடிச்சுது. குறுக்க பேசாம கேளுங்க. முடிஞ்சா அது சொன்ன வார்த்தையிலயே இங்க எழுதுங்க, திருத்தாம. ஓபி முடிஞ்சதும் எல்லாத்தையும் படிக்கறேன்.